பாக்கியரத்தினத்தின் திறப்புச் சொல்

மூன்றாவது தடவையும் கொம்பியூட்டர் பாக்கியரத்தினத்தைத் தெரியாது என்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நேரே முகத்தைக் காட்டினார். முகத்தைப் பார்த்தாலாவது ஞாபகம் வராதா என்ற ஆசைதான். திரை பழையபடி முதலிலிருந்து தொடங்கியது. நீ யார் என்று கேட்டது. "ரூட்" என்று அடித்தார். அந்தப் பெட்டிக்குள் எல்லாரையும் கட்டி ஆளும் பெரியவருக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. சரி, பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டது. வழக்கு அங்கேதான் நின்றது.

எண்பத்திரண்டாம் வருஷம் அது. திருகோணமலையில் துறைமுகம் ஒன்று, கொம்பியூட்டர் ஒன்று, அதைத் திறக்கிற சொல் இருக்கிற தலை ஒன்று என்பது பாக்கியரத்தினத்தின் கணக்கு. அந்தத் தலை தன்னுடையது என்பதைச் சலூனிலும் சேர்ச் வாசலிலும் மீன் சந்தையிலும் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லியிருந்தார். சொல்லை மட்டும் சொல்லவில்லை. இப்போது அதைத் தனக்கே சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

துறைமுக வீதி பேரம் பேசி வளர்ந்த வீதி. கருவாட்டிலிருந்து நங்கூரச் சங்கிலி வரை சொன்ன விலைக்கு அங்கே ஒருவரும் வாங்கியதில்லை. பாஸ்வேர்ட் மட்டும் கறாரான சரக்கு. கிட்டத்தட்டச் சரி என்றால் ஒத்துக்கொள்ளாது. ஓர் எழுத்துத் தள்ளுபடி கிடையாது. மிச்சத்தை நாளைக்குத் தருகிறேன் என்றால் காது கேளாது.

கலீலுர் றஹ்மான் முதலாளியின் கப்பல் ஏஜென்சிக்கு அந்த மெசின் சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கியபோது, அதைப் பூட்டி ஓடவைத்துத் தந்தவர் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் ஆனந்தராசா. "ஐயா, உங்கட வாயில வருமெண்டு ஒருத்தரும் கனவிலயும் நினைக்காத சொல் ஒண்டைப் போடுங்க" என்றார். அன்று காலை பாக்கியரத்தினம் என்ன கோபத்தில் இருந்தாரோ, விரல் போன போக்கில் ஒன்றை அடித்தார். முதலாளி பக்கத்தில் வந்து, "என்ன போட்டீங்க, கிளாக்கர் ஐயா?" என்று கேட்க, காதுக்குள் சொன்னார். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கொடுத்து மெசினுக்கு உள்ளே போன பாக்கியரத்தினம் அதற்குப் பிறகு வெளியே வரவேயில்லை. மெசினை இரவும் பகலும் திறந்தபடியே விட்டிருந்தார். வெளியே வந்தால்தானே திரும்பிப் போகச் சொல் வேண்டும்? நேற்றுச் சாயந்தரம் ஊருக்கே கரண்ட் போனது. தூங்கி எழும்பிய மெசினுக்கு எஜமானைத் தெரியவில்லை. மாதக்கணக்கில் வாய்க்கு வராத சொல் எஜமானுக்கும் தெரியவில்லை.

வெறும் மானப் பிரச்சினை என்றால் சமாளித்திருப்பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் சிங்கப்பூர்க் கப்பல் கம்பனியின் ஆள் வருகிறார். சரக்குப் பட்டியல்களை இந்தப் பெட்டியில் திறந்து காட்டினால் அவர்களுடைய கப்பல்கள் எல்லாம் இந்த ஏஜென்சிக்கு. பாக்கியரத்தினத்துக்கு உத்தியோக உயர்வு. "கொம்பியூட்டர் ஒவ்விசர்" என்று பலகைகூட எழுதி, மை காய்ந்து, சுவரோடு சாத்திக் கிடந்தது. திறக்காவிட்டால் என்ன என்பதையும் முதலாளி முன்பே சிரித்தபடி சொல்லிவைத்திருந்தார்: "கொழும்பில ஒருத்தர் வர ரெடியா இருக்கார், கிளாக்கர் ஐயா. நீங்க பழையபடி துறைமுக ஜெட்டியில மூட்டை எண்ணலாம்."

இப்போது அதே முதலாளி கதவருகே வந்து நின்றார்.

"என்ன, பெட்டி இன்னும் எழும்பல்லையா?"

"எழும்பிட்டுது முதலாளி. கொஞ்சம் சூடு பிடிச்சிட்டுது. ஆற விட்டிருக்கிறன்."

"சூடா? அதுக்கென்ன, குளிரப் பண்ணுவம்."

ஒரு மணித்தியாலத்துக்குள் முதலாளி வீட்டுப் படுக்கையறையிலிருந்த ஏயார் கண்டிசன் கழன்று வந்து கொம்பியூட்டர் அறை யன்னலில் ஏறியது. அதோடு முதலாளியின் மனைவி மைமூனாவிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. தன் அறைக்கு, பெட்டிக்குச் சூடு என்ற இந்தக் கதை யாருடையதோ அவருடைய வீட்டு ஃபானை உடனே அனுப்பச் சொன்னாராம்.

பாக்கியரத்தினம் அன்று ஓர்ஸ் ஹில்லில் உள்ள வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி இன்பமலர் முகட்டில் வெறும் கொளுக்கியைப் பார்த்தபடி பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஃபானைக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். கொம்பியூட்டருக்குக் காய்ச்சலாம். என்ன கதை இது?"

வேர்வைக்கு முன் பொய் நிற்காது. உண்மையைச் சொன்னார்.

இன்பமலர் விசிறுவதை நிறுத்தினாள். "என்ர பேரை அடிச்சுப் பாத்தீங்களோ?"

"முதலாவதா அதைத்தான் அடிச்சனான்."

"அது என்ன சொல்லிச்சு?"

"பிழை எண்டு சொல்லிச்சு."

"பிள்ளையளின்ர பேர்?"

"அதுவும் பிழை. போதகரின்ர பேர், செத்துப்போன நாயின்ர பேர், எல்லாம் பாத்தாச்சு."

"ஓகோ." பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்தாள். "உங்கட வாயில வருமெண்டு ஒருத்தரும் நினைக்கக்கூடாத பேர். அதை நீங்க போட்டிருக்கிறீங்க. அது நானும் இல்லை, பிள்ளையளும் இல்லை, நாயும் இல்லை. அப்ப ஆர் அவள்?"

"எவள்? ஞாபகம் இல்லை எண்டுதானே சொல்லுறன்."

"கனபேர் இருந்தா ஞாபகம் இராதுதான்."

அன்று குசினியில் அடுப்பு எரிந்தது. ஒரு கோப்பைச் சோற்றுக்கு மட்டும்.

வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு கந்தோருக்கு வந்தவர், கதவைச் சாத்திக்கொண்டு கொழும்புக்கு ட்ரங்க் கோல் எடுத்தார். எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் சீலா. லைனில் கடல் இரைந்தது.

"ஐயா, கொழும்பில அவருக்கு நீங்க கதைக்கிறது கேக்குதில்லை. எனக்கு வடிவாக் கேக்குது. என்னட்டச் சொல்லுங்க, நான் அவருக்குச் சொல்லுறன்."

பாக்கியரத்தினம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். சீலாவுக்குச் சொல்வதும் மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஏறி நின்று சொல்வதும் ஒன்று. கோபுரம் என்றால் ஏறுகிற கஷ்டம் மட்டும் கூட. ஆகவே மறைபொருளாகப் பேசுவதென்று தீர்மானித்தார்.

"பிள்ளை, அவர் பூட்டித் தந்த இரும்புப் பெட்டிக்குத் திறப்பைக் காணேல்லை எண்டு சொல்லும்."

சீலா சொன்னாள். கொஞ்ச நேரம் கடல் இரைந்தது.

"தான் ஒரு இரும்புப் பெட்டியும் பூட்டேல்லையாம், ஐயா."

"பூட்டினவர். நல்லா யோசிக்கச் சொல்லும்."

"யோசிச்சவராம். கொல்லன் ஆரையும் கூப்பிடட்டாம். வைச்சிட்டார், ஐயா."

ரிசீவரை வைத்த சூடு ஆறவில்லை, வீதியில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. பாக்கியரத்தினத்தின் இடுப்பில் கந்தோர் இரும்புப் பெட்டியின் திறப்பு வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. திறப்பு இதோ இருக்கிறது என்றால், அப்போது கொழும்புக்கு என்னத்துக்கு அழுதீர் என்ற கேள்வி வரும். வேறு வழி தெரியாமல் அதைக் கழற்றி வலது கால் மேசுக்குள், காலுறையின் அடிவரை, விட்டுவிட்டு எழும்பி நின்றார்.

"கிளாக்கர் ஐயா, பெட்டித் திறப்பைத் துலைச்சிட்டீங்களாமே" என்று மூச்சு வாங்கினார் முதலாளி.

"தேடிக்கொண்டிருக்கிறன் முதலாளி." இரண்டு அடி வைத்தார். திறப்பின் பல் கணுக்காலில் ஏறியது.

"காலில என்ன?"

"சுளுக்கு."

"அட, பாவமே. பதறாதீங்க. மாத்துத் திறப்பு பேணாட்டிட்ட இருக்குத்தானே."

துறைமுக வீதியில் அப்படியொரு வழக்கம். எந்தப் பூட்டானாலும் மாற்றுத் திறப்பு எதிர்க்கடையில் இருக்கும். சொந்தக்காரனிடம் கொடுத்தால் பங்கு கேட்பான், சிநேகிதனிடம் கொடுத்தால் கைமாற்றுக் கேட்பான். போட்டிக்காரன் மட்டும்தான், ஒரு குண்டூசி காணாமல் போனாலும் ஊர் தன்னைத்தான் பார்க்கும் என்ற பயத்தில் திறப்பைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பான். முதலாளிக்கு எதிர்க்கடை பேணாட்டுடையது. கப்பல்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் கயிறும் ஏற்றுகிறவர்.

பாக்கியரத்தினத்துக்கு அந்த ஆளைக் கண்ணில் காட்டக்கூடாது. இருவரும் வாலிபத்தில் ஜெட்டியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். ஒருநாள் கிரேக்கக் கப்பல் ஒன்றின் ஏணியில், தொப்பியும் கழுத்துப் பட்டியுமாகப் படு மிடுக்காக ஏறிய பாக்கியரத்தினம் கால் தவறிக் கடலுக்குள் போனார். விழுந்ததை அவர் மன்னித்துவிட்டார். பேணாட்டின் கையைப் பிடித்து ஏறவேண்டி வந்ததைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பேணாட் தானே நேரில் வந்தார். ஒரு கையில் வெள்ளைக் கைலேஞ்சியில் சுற்றிய திறப்பு. மற்றக் கையில் தன் கடையின் சாய்மனைக் கதிரை.

"கால் சுளுக்காமே, பாக்கியம் அண்ணை. இதில வசதியாச் சாய்ஞ்சு இருங்க."

"எனக்குக் கதிரை இருக்கு."

"இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்."

கொஞ்ச மாதங்களாகவே இந்த ஆளின் போக்கு இப்படித்தான். கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். நல்ல பாரை மீன் வந்தால் ஒரு துண்டு வீட்டுக்கு அனுப்புகிறார். கப்பல்காரர்களிடம் இவரைக் காட்டி, "என்ர பழைய கூட்டாளி" என்று நெஞ்சில் கை வைக்கிறார். நக்கல். நக்கலைத் தவிர வேறென்னவாக இருக்க முடியும்?

இரும்புப் பெட்டி திறந்தது. உள்ளே எல்லாம் வைத்தபடி இருந்தது. பேணாட் போகிற போக்கில் கொம்பியூட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், கோவில் மாட்டைத் தட்டுவதுபோல.

"ஆள் எப்பிடி இருக்கிறார்?"

"அதைத் தொடாதேங்கோ" என்றார் பாக்கியரத்தினம்.

பேணாட் ஏதோ பெரிய பாராட்டுக் கிடைத்தவர்போலச் சிரித்துக்கொண்டு போனார்.

ஆள் மறைந்ததும் பாக்கியரத்தினம் முதலாளியிடம் மெல்லத் தூண்டில் போட்டார். "முதலாளி, அண்டைக்கு உங்கட காதில ஒரு சொல் சொன்னனான். ஞாபகம் இருக்கோ எண்டு சும்மா ஒரு சோதனைக்குக் கேக்கிறன்."

"அதெல்லாம் நான் தலையில வைச்சிக்கிறதில்ல, ஐயா. கொடுக்க வேண்டிய இடத்தில அண்டைக்கே கொடுத்திட்டன்."

வங்கி என்று பாக்கியரத்தினம் நினைத்தார். வங்கிக்குப் போய் எடுத்து வாருங்கள் என்றால், ஏன் என்ற கேள்வி வரும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டார்.

முதலாளி நல்ல மனுஷர். அதுதான் அடுத்த ஆபத்து. பின்னேரம் கப்பல்துறைக் கிராமத்துக்கு வான் வண்டி அனுப்பி, சுளுக்கு வழிக்கிற ஒருவரை எண்ணெய்ப் போத்தலோடு கூட்டிவந்துவிட்டார். திறப்பு வலது காலில். ஆகவே பாக்கியரத்தினம் இடது கால் சப்பாத்தைக் கழற்றிக் காட்டினார். வந்தவர் தொழிலில் சூரர். இல்லாத சுளுக்கைத் தேடி அவர் இழுத்த இழுப்பில், நல்ல கால் மெய்யாகவே சுளுக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு நொண்டலில் பொய்யே இல்லை. கால் மட்டும் மாறிப்போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்காக முதலாளியும் கந்தோரில் பாதிப் பேரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். மிச்சப் பேர் சாப்பாட்டுக்குப் போனார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூர் ஆள் வந்துவிடுவார். பாக்கியரத்தினம் இரண்டு கால்களாலும் நொண்டிக்கொண்டு டெலிபோனிடம் போனார்.

"திறப்பு கிடைச்சிட்டுதாமே, ஐயா. பிறகென்ன?" என்றாள் சீலா.

"பிள்ளை, இண்டைக்கு நான் சொல்லுறதை ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

"நான் எப்ப சொன்னனான்? கேட்டவைக்கு மட்டும்தான் சொன்னனான்."

"கொம்பியூட்டரின்ர பாஸ்வேர்ட்டை மறந்து போனன் எண்டு ஆனந்தராசாவுக்குச் சொல்லும்."

அந்த வசனம் வாயை விட்டுப் போனபோது அவருக்குப் பல் பிடுங்கியது போல இருந்தது. வலித்தது. சுகமாகவும் இருந்தது.

"சிரிக்கிறார், ஐயா."

"சிரிச்சு முடிய என்ன செய்யிறது எண்டு கேளும்."

"மெசினை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடட்டாம். அது எழும்பி வரேக்குள்ள ஏதாவது ஒரு விசையை அமத்தட்டாம். அமத்தினா எல்லாரையும் உள்ள விடாம, ஒரே ஒராளோட மட்டும் கதைக்கிற மாதிரி நிக்குமாம்."

"நிண்டு பாஸ்வேர்ட் கேக்குமே."

"கேக்காதாம்."

"என்ன?"

"கேக்காதாம், ஐயா. மெசினுக்குப் பக்கத்தில நிண்டு சுவிச்சைப் போடுறவர் வீட்டுக்காரர்தான் எண்டு அது நினைக்குமாம்."

பாக்கியரத்தினம் பக்கத்திலிருந்த சாய்மனைக் கதிரையில், அது யாருடையது என்பதையும் மறந்து, விழுந்தார். இத்தனை மாதம் ஊரெல்லாம் அவர் பெருமை பேசிய பூட்டு, சுவிச்சுக்குக் கை எட்டுகிற எவனுக்கும் வழிவிடுகிற பூட்டு. வருத்தம் கொஞ்ச நேரம்தான். எழும்பினார். சுவிச்சை நிறுத்தினார், போட்டார், விசையை அழுத்தினார். பெட்டி நிறையக் கேள்விகள் கேட்டது.

"ஏதோ பழுதாப் போச்சு, திருத்தட்டோ திருத்தட்டோ எண்டு கேக்குது, பிள்ளை."

"கரண்ட் திடீரெண்டு நிண்டா அப்பிடித்தானாம். எல்லாத்துக்கும் ஓம் சொல்லட்டாம்."

ஓம் சொன்னார். தன் கலியாணத்தில்கூட அவர் இவ்வளவு அடக்கமாக ஓம் சொன்னதில்லை. கடைசியில் திரை வாயை மூடிக்கொண்டு ஒரேயொரு குறியைக் காட்டி நின்றது, எஜமானே உத்தரவு என்பதுபோல. சீலா எழுத்தெழுத்தாகச் சொன்ன கட்டளையை அடித்தார். புதிய சொல் என்ன என்று பெட்டி கேட்டது.

பாக்கியரத்தினம் ஒரு கணம் முகட்டில் ஃபான் இல்லாத வீட்டை நினைத்தார். ஒற்றைக் கோப்பையை நினைத்தார். மனைவியின் பெயரை அடித்தார். இன்னொரு தடவை கேட்டது. இன்னொரு தடவை அடித்தார். ஏற்றுக்கொண்டது.

கதவுகள் திறந்தன, கந்தோர் நிறைந்தது, அவர் நெஞ்சும் நிறைந்தது. திறப்பை மேசுக்குள்ளிருந்து எடுத்து, மேசைக்குக் கீழே கிடந்து கண்டெடுத்ததாக அறிவித்து, இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

சிங்கப்பூர்க் கனவான் வந்தார். மெல்லிய ஆள், சிரிக்காத முகம். அயலவரான பேணாட்டும் முதலாளியின் அழைப்பில் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டோடு வந்து, கொம்பியூட்டருக்கு மாமன் முறைக்காரர்போல அதன் பக்கத்தில் போய் நின்றார். பாக்கியரத்தினம் ஒரே தரத்தில் பெட்டியைத் திறந்தார். கப்பல் பெயர் கேட்டால் சரக்கு வந்தது, சரக்குக் கேட்டால் எடை வந்தது. கனவான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், எங்களுடைய பட்டியல்களை வேறு யார் திறக்க முடியும் என்று இங்கிலீஷில் கேட்டார்.

பாக்கியரத்தினம் நிமிர்ந்தார். இதற்காகத்தானே பிறந்தோம் என்பது போன்ற நிமிர்வு அது. இந்தத் துறைமுகத்தில் அந்தச் சொல் ஒரே ஒரு தலைக்குள்தான் இருக்கிறது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அதுவும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிற ஆளல்ல தான். பாதுகாப்புக் கருதிப் பழைய சொல்லை அழித்துவிட்டு இன்றுதான் புதிதாகப் போட்டேன் என்றார். இங்கிலீஷ் தெரியாதவர்கள் இந்தப் பெருமையை இழந்துவிடக்கூடாதே என்று தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

கனவான் முதல்முறையாகச் சிரித்தார். கையைக் கொடுத்தார். கப்பல்கள் எல்லாம் உங்களுக்கே என்றார். முதலாளி அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணை மூடித் திறந்தார். பலகை சுவரில் ஏறியது. ஏயார் கண்டிசன் உடனே தன் வீட்டுக்கும், ஃபான் கிளாக்கர் ஐயா வீட்டுக்கும் போகவேண்டும் என்று கட்டளை பிறந்தது. இல்லை, இல்லை, ஒவ்விசர் ஐயா வீட்டுக்கு என்று முதலாளியே திருத்தினார்.

காசு கொடுக்காமல் இவ்வளவு சந்தோஷத்தைப் பாக்கியரத்தினம் அந்த வீதியில் எங்கும் வாங்கியதில்லை. வீட்டுக்குப் போய் இன்பமலரிடம், பெட்டி இப்போது யாருடைய பெயரைச் சொன்னால் திறக்கிறது என்று சொல்லவேண்டும். அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

எல்லாரும் காரை வழியனுப்பப் போயிருந்தார்கள். பேணாட் மட்டும் போகவில்லை. வெள்ளைக் கோட்டு ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டதுபோலத் தளர்ந்து நின்றார். தொப்பி இரண்டு கைகளுக்குள்ளும் கசங்கிக்கொண்டிருந்தது. கண்கள் கலங்கியிருந்தன.

"என்ன, உமக்குப் பொறாமையோ?" என்றார் பாக்கியரத்தினம்.

பேணாட் கொம்பியூட்டரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"பாக்கியம் அண்ணை, இதின்ர மாத்துத் திறப்பும் உன்னட்டயே இருக்கட்டும் எண்டு முதலாளி அந்தச் சொல்லை என்ர காதில சொன்ன நாள் தொடக்கம், உங்கட பெட்டி என்ர பேருக்குத்தான் திறக்குது எண்டு நான் வந்த கப்பலுக்கெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனான், இப்ப அதை அழிக்கிற அளவுக்கு நான் உங்களுக்கு என்ன பிழை செய்தனான்?"